சலீமுக்கு என்று எழுதிய பக்கம்

சனிக்கிழமை, இரவு

என் முதல் புத்தகம் இன்று வந்தது. தோல் பதனிடும் டேனரியில் என்னோடு வேலை செய்து, போன வருஷம் இறந்துபோன சலீமுக்கு அதைச் சமர்ப்பித்திருந்தேன். அந்தப் பக்கமே இல்லை. பதிப்பாளருக்கு போன் செய்தேன்.

“பக்கம் ஜாஸ்தியாகிடுச்சு சார், எடுத்துட்டோம். அடுத்த பதிப்புல போடலாம்.”

“அது எப்போ வரும்?”

“முதல் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு வர்றதே அபூர்வம். ஆசை வெச்சுக்காதீங்க.”

உண்மையைத்தான் சொன்னார்.

சாயங்காலம் வாணியம்பாடிக்குப் போய், சலீமின் மனைவியிடம் ஒரு பிரதி கொடுத்தேன். அவன் பெயர் வரும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். அவளுக்கு உருது மட்டும்தான் படிக்க வரும்.

“அவர் பேரு எங்கண்ணா?”

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பி என் பெயரைக் காட்டினேன். விரலால் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“இவ்ளோ பெரிசா போட்டிருக்கீங்களே” என்று அழுதாள்.