தலையில்லாத பச்சைச் சீருடை

ஹார்த்வெய்ட்
மே 2

போனை எடுக்காத என் அருமை அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், கேட்டால் நீ சொல்லப்போவதில்லை. உன் புண்ணியத்தில் இந்த ஊரில் தபால்பெட்டிக்கு வாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே பதினைந்து வயதுக்காரி நான்தான்.

அப்பாவுக்கு இப்போது இரண்டு சமையல் தெரியும்: முட்டை, கருகிய முட்டை. உன் பச்சைச் சீருடை சமையலறைக் கதவின் பின்னால்தான் இன்னும் தொங்குகிறது. காற்றடித்தால் கை அசைகிறது. அதைத் தாண்டும்போது அப்பா சற்று ஒதுங்கி நடக்கிறார், எதிரே வரும் ஆளுக்கு வழி விடுவதுபோல. கேலி செய்தேன். அப்புறம் பார்த்தால் நானும் ஒதுங்கித்தான் நடக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் கால்நடைச் செவிலியர் மாதம். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று மக்களுக்குத் தெரியவைக்க வேண்டுமாம். உங்கள் மருத்துவமனையின் காத்திருக்கும் அறையில் பார்வைக்கு ஏதாவது செய்துதரச் சொல்லி டாக்டர் ஹெஸ்கெத் என்னைக் கேட்டார். பசை, கத்தரிக்கோல் சம்பந்தமான குற்றங்களில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டல்லவா!

முதலில் வகுப்பில் விசாரித்தேன். மிருக டாக்டரிடம் நர்ஸ் என்ன செய்வார்?

"நாய்க்குட்டியக் கொஞ்சுவாங்க."

"போன் எடுப்பாங்க."

"டாக்டரோட பொண்டாட்டிதானே?" இது ஆசிரியர்.

என் அம்மா ரத்தம் எடுப்பாள், எக்ஸ்ரே எடுப்பாள், தையல் போடுவாள், மயக்கத்தில் கிடக்கிற உயிரின் மூச்சுக்குக் காவல் இருப்பாள் என்றேன். "அவ்வளவு தெரிஞ்சவங்க டாக்டராவே ஆயிருக்கலாமே" என்றது பின்வரிசை. அவர்களுக்கு விளக்குவதற்குப் பதில் ஆட்டுக்குப் பாடம் நடத்தலாம், ஆடாவது மென்றுகொண்டே கேட்கும்.

உன் வேலையை இந்த மாதக் கடைசி வரைதான் டாக்டர் உனக்காக வைத்திருப்பாராம். "அதுக்கு மேல முடியாதும்மா, ஜோ ஒத்தை ஆளா சாகுறா" என்றார் டாக்டர். உன் தோழி ஜோ சாகவில்லை, பிஸ்கட்தான் தின்கிறாள். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது.

கால்நடைச் செவிலி என்றால் காலால் நடந்து எங்கோ போய்விட்ட செவிலி என்று நான் எழுதி ஒட்டுவதற்குள் வந்து சேர்.

உன் அன்புத் தொல்லை,
ஹெட்டி


விட்பி
மே 7

என் செல்ல வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நான் வேலை பார்க்கிற விடுதிக்காரம்மா எட்டிப் பார்த்தார். நான் சிரித்து அவர் கேட்டதில்லை. அப்பாவை வெண்ணெயைக் குறைக்கச் சொல். நீ காலில் ஈரத்தோடு அலையாதே.

ஹெட்டி, நான் வரமாட்டேன். ஏன் என்று உனக்குச் சொன்னதில்லை.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மயக்க மருந்து ஏற்றும்போது காதருகே குனிந்து, "உன் ஆளு வெளியதான் இருக்காங்க" என்று சொல்லுவோம். ஆள் இருந்தாலும் சொல்வோம், இல்லாவிட்டாலும் சொல்வோம்.

குளிர்காலத்தில் மேல்மலைப் பண்ணை மௌன்சி தன் மேய்ச்சல் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். க்ளென் என்று பெயர். வயிறு முறுக்கிக்கொண்டு கல்லாக வீங்கியிருந்தது. மேசையில் வைத்தார், "சந்தையில வேல இருக்கு" என்றார், போய்விட்டார். வலியில் அது கத்திக்கொண்டு புரண்டது, என் கையைக் கவ்வ வந்தது. நான் குனிந்து அந்த வார்த்தையைச் சொன்னேன். சட்டென்று தானாகவே படுத்துவிட்டது. பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. காதுகள் மட்டும் உயர்ந்து, பின்கதவுப் பக்கம் திரும்பின. அந்தக் கதவு மூடியிருந்தது. அதற்கு அப்பால் குப்பைத்தொட்டிகளைத் தவிர என்ன இருக்கிறது? கண் செருகிய பிறகும் காது இறங்கவில்லை.

பாதி அறுவையில் இதயம் நின்றது. கை ஓயும் வரை நெஞ்சை அழுத்தினேன். மௌன்சியின் வீட்டுக்கு டாக்டர் போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவரே வந்தார், துணியில் சுற்றியதை வாங்கிக்கொண்டார், "நன்றி டாக்டர்" என்றார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மோசமான மனிதர் அல்ல. நான் அங்கே இருந்தது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். என்னை யாருமே திட்டவில்லை ஹெட்டி. திட்டு வாங்குவதற்கும் ஓர் ஆள் அங்கே இருந்திருக்க வேண்டுமே.

இங்கே விரிப்புகளை உலர்த்துகிற இயந்திரம் மூச்சு விடுவதுபோலவே ஓடும். அது நின்றால் என் கை தானாக ஒரு நெஞ்சைத் தேடுகிறது. பின்கதவை வாளி முட்டுக்கொடுத்துத் திறந்தே வைக்கிறேன். கடற்பறவைகள் உள்ளே வருகின்றன என்று விடுதிக்காரம்மாவுக்குக் கோபம். மூடிய கதவை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தச் சீருடையை மடித்து உள்ளே வைத்துவிடு, கண்ணே.

அம்மா


ஹார்த்வெய்ட்
மே 16

அம்மா,

மடிக்கச் சொன்னாய், மடித்தேன். இடுப்பில் ஒரு மடிப்பு, முழங்காலில் ஒரு மடிப்பு. வைக்கோல் திணித்து, காத்திருக்கும் அறை நாற்காலியில் உட்கார வைத்தேன். தலை கிடையாது. கழுத்தில் ஓர் அட்டை: 'இதற்குள் இருப்பது யார்?' கோபித்துக்கொள், ஆனால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

குழந்தைகள் அலறின, எனக்குப் பரம திருப்தி. அப்புறம் சிவப்புக் கோட்டு அணிந்த ஓர் அம்மாள் பூனைக்கூடையோடு அவசரமாக வந்தார். "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா, வண்டிய ஓரமா விட்டுட்டு வந்துடுறேன்" என்று கூடையை அந்தச் சீருடையின் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார். அம்மா, தலை இல்லை! அவர் கவனிக்கவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஜோ மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு மௌன்சி வந்தார், ஆடுகளுக்குப் பூச்சி மருந்து வாங்க. நான் மேசைக்குப் பின்னால் குனிந்து அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், என்னைப் பார்க்கவில்லை. சீருடையின் முன் நின்றார். அதில் குத்தியிருந்த உன் பெயரைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நீதானாம்மா அவனக் குளிப்பாட்டி அனுப்புனது?" என்று அதனிடம் கேட்டார். "வயித்துல ஒரு பொட்டு சேறு இல்ல. காதோரம் இருந்த சிக்கெல்லாம் எடுத்து சீவி விட்டிருந்துச்சு. ஹெஸ்கெத் செஞ்சிருக்க மாட்டாரு. அவருக்குத் தன் தலையவே சீவத் தெரியாது."

வேறொரு நாளாக இருந்தால் குரலை மாற்றிப் பதில் சொல்லி அவரைக் கூரைவரை குதிக்க வைத்திருப்பேன். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். மூடிக்கொண்டேன். எழுந்து நின்றேன்.

"அட! பேயா நீ?"

"இன்னும் ஆகல. அது எங்கம்மா சட்டை."

"உங்கம்மாவா அவன் கூட இருந்தது? கடைசி வரைக்குமா?"

"ஆமா."

தொப்பியைப் பிழிந்துவிடுவதுபோல முறுக்கினார். "அப்ப ஒண்ணு கேட்டுச் சொல்லுவியா? நான் விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டானா?"

"நீங்க சந்தைக்குத்தானே போனீங்க?"

"எங்க போனேன்! பின்னால குப்பைத்தொட்டி பக்கம் வண்டிய நிறுத்திட்டு உள்ளயே கெடந்தேன். மாட்டுக்காக இங்க உக்காந்தா எவனும் ஒண்ணும் சொல்லமாட்டான். நாய்க்காக உக்காந்து கண்ணத் தொடச்சேன்னு வையி, சந்தையில என் பேரே மாறிடும். அவன் உள்ள கத்துறது கேட்டுச்சு. தாங்கல. மெதுவா ஒரு சீட்டி அடிச்சேன். மலையில 'படு, அசையாதே'ன்னு சொல்றதுக்கு எங்களுக்குள்ள ஒரு சீட்டி உண்டு. கத்துறது நின்னுச்சு. மருந்து ஏறிடுச்சுன்னு நெனச்சேன். இருந்தாலும்... அவன் காதுல விழுந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. அதிலிருந்த காது விஷயத்தை நான் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம். அது நீ பார்த்தது, நீதான் சொல்ல வேண்டும். "அம்மாகிட்ட கேக்கிறேன்" என்றேன். மருந்து வாங்க மறந்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் கடிதத்தில் கடைசியாக ஒரு கிண்டல் வைக்க நினைத்தேன். வரவில்லை.

ஹெட்டி


விட்பி
மே 19

என் ஹெட்டிக்கு,

நின்றுகொண்டே படித்தேன். பிறகு குவித்திருந்த ஈர விரிப்புகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

க்ளென் படுத்தது என் வார்த்தையால் அல்ல. அது தன் ஆளின் சொல்லைக் கேட்டுப் படுத்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று காதால் எனக்குக் காட்டிக்கொண்டும் இருந்தது. விலங்கின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பார்த்தேன். போய்க் கதவைத் திறக்கவில்லை. அவர் உள்ளே வந்து அதன் தலையில் கை வைத்திருக்கலாம். இது என்னை விட்டுப் போகாது. போ என்று நானும் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்த மனிதரின் கேள்விக்குப் பதில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. டாக்டரின் கண் வயிற்றின் மேல் இருந்தது, ஜோ வாசலில் இருந்தாள். காதைப் பார்த்தவள் நான் ஒருத்தி. நான் இங்கே விரிப்பு மடித்துக்கொண்டிருந்தால் அவர் அங்கே வைக்கோலிடம்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். வேலையைப் பற்றி டாக்டரிடம் ஒன்றும் சொல்லிவைக்காதே. அதை நானே பேசிக்கொள்கிறேன். சீருடையை உதறி, தோய்த்து வை. அன்றைக்கு அங்கே இருந்தவள் வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியட்டும்.

மௌன்சியிடம் இதை மட்டும் சொல்: அன்றைக்கு நிறுத்திய இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கட்டும். பின்கதவைத் திறந்துகொண்டு நான் அவரிடம் வருகிறேன். அந்தப் பக்கம் குப்பைத்தொட்டிகள்தான். அவர் அழுதால் ஊர் பார்க்காது.

உன் அம்மா,
லோர்னா