உங்கள் பெயரில் ஒரு பலகை

நானா,

இன்று காலை அலுவலகப் படியேறும்போதே பெயிண்ட் வாசனை வந்தது. வராந்தாவில் ஒரு பலகை காய்ந்துகொண்டிருந்தது. பச்சை நிறத்தில் ஒரு கடலாமை, அதன் கீழே உங்கள் பெயர். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் திறப்பு விழாவாம். உங்களைப் பற்றி நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

உங்கள் தெருவில் அண்ணனை அழைப்பதுபோலத்தான் நானும் உங்களை நானா என்று அழைத்தேன். குவைத்தில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி, எங்கள் வனத்துறை அலுவலகத்தில் ஆமைக் காவலராகத் தினக்கூலிக்குச் சேர்ந்தீர்கள். நான் சுரக்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் எழுத்தர். தை பிறந்ததும் ஆமைகள் கரையேறி முட்டையிடும். விடியற்காலையில் நீங்கள் தடம் பார்த்துப் போய் முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் புதைப்பீர்கள். குஞ்சு வெளியே வரும்வரை காப்பீர்கள். அந்த வேலிக்கும் உங்கள் கூலிக்கும் நிலையான நிதி கிடையாது. ஆண்டுதோறும் புதிதாகக் கெஞ்ச வேண்டும். அனுமதி பங்குனியில் வரும். அதற்குள் பாதி முட்டை நாய் வயிற்றில்.

"ஆமைக்குத் தையில வயிறு நெறையுது. கவர்மெண்டுக்குப் பங்குனியிலதான் கண்ணு தெறக்குமா தங்கச்சி?" என்று கேட்பீர்கள். நான் சிரிப்பேன். சிரித்திருக்கக் கூடாது.

போன ஆண்டு பங்குனியிலும் வரவில்லை. ஒரு மாதம் கூலியில்லாமல் நடந்தீர்கள். பிறகு வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்கு லாரி ஓட்டப் போனீர்கள். அடுத்த வாரமே நாய்கள் வேலியைப் பிய்த்துவிட்டன. நீங்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு அலுவலகத்துக்கு வந்தீர்கள். வாளி நிறைய முட்டை ஓடு. நாற்றம் தாங்காமல் ஆட்கள் எழுந்து வெளியே போனார்கள். நீங்கள் நேராக அதிகாரியின் மேசைக்குப் போய் வாளியை வைத்தீர்கள்.

"இதையும் ஃபைல்ல வச்சு அனுப்புங்க சார்."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நீங்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார். காவல் இல்லாததால் முட்டைகள் அழிந்தன என்று நான் அறிக்கையில் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, 'இயற்கைக் காரணங்களால்' என்று போடச் சொன்னார். போட்டேன். இந்தக் கையால்தான் தட்டச்சு செய்தேன்.

அது உங்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கடைத்தெருவில் என்னை நிறுத்தினீர்கள்.

"நாய் வந்தது இயற்கைதான் தங்கச்சி. நம்ம போகாதது இயற்கையா?"

அதன்பிறகு நீங்கள் என்னிடம் பேசவேயில்லை. ஐப்பசியில் லாரியிலிருந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் தலத்தெருவில் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். மௌத்து வீட்டு வாசலில் நின்றபோதும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது மார்கழி. இன்னும் பத்து நாளில் தை. இன்று அதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

"வேலிக்குப் பணம் வந்துதா சார்?"

"இன்னும் இல்லம்மா. நிதி நெலம சரியில்ல."

"போர்டுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

"அது விளம்பரச் செலவுத் தலைப்புல வந்த பணம். வேலி வேற தலைப்பு. உனக்குத் தெரியாதா?"

தெரியும் நானா. செத்தவரின் பெயரை எழுதப் பணம் இருக்கிறது. உயிரோடு அவர் கேட்டதற்கு இல்லை. இந்த விதிகளைப் பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். இன்றோடு போதும் என்று தோன்றியது.

என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து பாண்டிச்சேரித் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அடித்தேன். போன ஆண்டு அறிக்கையில் உள்ள காரணம் பொய், அதை எழுதியது நான், காவலர் இல்லாததால்தான் முட்டைகள் அழிந்தன என்று தெளிவாக எழுதினேன். ஆமைக் காவலை ஆண்டு பட்ஜெட்டில் நிரந்தரச் செலவாகச் சேர்க்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் பணம் மார்கழிக்குள் கைக்கு வர வேண்டும் என்றும் எழுதினேன். அதிகாரி நகலைப் படித்துவிட்டு முகம் வெளுத்தார்.

"இத அனுப்பாதம்மா. ஒனக்குத்தான் வம்பு."

"மெயில்ல அனுப்பிட்டேன் சார்."

சாயங்காலம் பாண்டிச்சேரியிலிருந்து போன் வந்தது. அதட்டல்தான் முதலில். உன்னை யார் நேரடியாக எழுதச் சொன்னது, விளக்கம் கொடு என்றார்கள். கொடுக்கிறேன் என்றேன். கடைசியில் குரல் இறங்கியது. நிரந்தர நிதிக்கான முழுத் திட்டத்தையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை நேரில் வா, பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும் என்றார்கள். இத்தனை வருஷத்தில் அவர்களாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கொடுத்துவிடுவார்கள் என்று நான் இன்னும் நம்பவில்லை.

ஞாயிறு விழாவுக்கு நான் போகப்போவதில்லை. உங்களை நினைத்தால் அழுகை வர வேண்டும். எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி. அது ஆறாமல் இருக்கட்டும் நானா. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறும்போது அதுதான் எனக்கு வேண்டும்.