அட்டையில் வராத வசனம்

கோல்பர்ன்,
4 மே 1921

அன்பு மகள் தோராவுக்கு,

நலம்தானே? குளிர்காலம் பிறக்கும் முன்பே இங்கே குளிர் வாட்டுகிறது. நீ நடித்த படம் நேற்று நம் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. பியானோக்காரன் வெளுத்து வாங்கினானாம். செவிடி எனக்கு அதனால் என்ன? நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டக் காட்சியில் அந்தக் கதாநாயகன் லயனல் கார்ரோ உன்னை அணைக்கிறான். ஊமைப் படமாச்சே, நீ பேசுவதாகத் திரையில் வசன அட்டை வருகிறது: "என் உயிரே, உங்களுக்காகவே காத்திருந்தேன்!" பக்கத்தில் இருந்தவள் அழுது மூக்கைச் சிந்தினாள். ஆனால் உன் உதடு சொன்னது வேறு: "கையை எடுடா, பன்னி."

கொட்டகையில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். அங்கே என்ன நடக்கிறது? மறைக்காதே.

உன் அம்மா


சிட்னி,
9 மே

அன்புள்ள அம்மா,

ஊமைப் படம்தானே என்று தைரியமாகத் திட்டினேன். உன்னை மறந்துவிட்டேன் பார்! உனக்குப் புரியட்டும் என்று சின்ன வயதிலிருந்தே வாயை நன்றாகத் திறந்து பேசிய பழக்கம், இன்னும் போகவில்லை.

ஆமாம், கேமரா சுற்ற ஆரம்பித்ததும் கிள்ளுகிறான். நான் விலகினால் ஃபிலிம் வீண். அது அவனுக்குத் தெரியும். முதலாளி பிரன்டிஸிடம் சொன்னேன். "வாயில நீ என்ன வேணா திட்டிக்கோ, அட்டையில எழுதறது நாந்தான்" என்று சிரித்தார். அடுத்த படமும் அவனோடுதான். மாட்டேன் என்றால் வேறு பெண் தயாராம்.

குதிரையிலிருந்து விழுந்து தோள் நழுவியபோதுகூட, எனக்குப் பதில் இன்னொருத்தியை ஏற்ற விடாதவள் நான். இந்த வேலை எனக்கு வேண்டும், அம்மா. ஊருக்குத் திரும்பி வா என்று மட்டும் எழுதாதே.

தோரா


கோல்பர்ன்,
13 மே

தோரா கண்ணு,

வா என்று யார் சொன்னது? தப்புச் செய்தவன் அவன். நீ ஏன் வர வேண்டும்? அட்டை அந்த முதலாளியுடையது என்றால் வாய் உன்னுடையது. அடுத்த படத்தில் முணுமுணுக்காதே. கேமராவுக்கு நேராக நின்று, எனக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல். என்னோடு செவிடர் பள்ளியில் படித்தவர்கள் இன்னும் சிட்னியில் இருக்கிறார்கள். படம் வரும் முதல் நாளே போய்ப் பாருங்கள் என்று எல்லாருக்கும் எழுதிவிட்டேன்.

ஆத்திரத்தோடும் முத்தத்தோடும்,
அம்மா


சிட்னி,
20 ஆகஸ்ட்

அன்புள்ள அம்மா,

சொல்லிவிட்டேன். கல்யாணக் காட்சி, திரை நிறைய என் முகம் மட்டும். "லயனல் கார்ரோ என்னைக் கிள்ளுகிறான். பிரன்டிஸுக்கும் தெரியும்." அதற்கு அட்டையில் "நான் பாக்கியசாலி" என்று போட்டிருந்தார்கள். படம் வந்த முதல் நாள், உன் கூட்டாளிகள் எழுந்து தரையை உதைத்த உதையில் பியானோவே நின்றுபோனது. நான் சொன்னதை ஒருவர் காகிதத்தில் எழுதி, வாசல்வரை எல்லாருக்கும் காட்டினாராம். மறுநாளிலிருந்து காது கேட்பவர்களும் என் வாயைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள்.

பிரன்டிஸ் கூப்பிட்டார். "செவிடங்க உளர்றாங்கன்னு எழுதிக் கொடு. அடுத்த படம் உனக்குத்தான்."

"அவங்க சொன்னதுல ஒரு சொல்லுகூட பிசகல சார்" என்றேன். வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். தெருவில் நின்று அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடற்கரையில் படம் பிடிக்கும் இன்னொரு கம்பெனிக்குப் போனேன். டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குதிரையோட கடல்ல குதிப்பியா?"

"குதிப்பேன்."

"உன் வாயைக் கண்டாலே எங்க ஆளுங்க பயப்படுறாங்களேம்மா."

"பயப்படட்டும் சார்."

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

உன் தோரா