கோழிக்கூடாகாமல் தப்பிய விளையாட்டுப் பெட்டி

என் ஆசை மாப்ள முருகேசனுக்கு,

நீ போன இடத்தில் கரண்டு ஒழுங்காக இருக்கிறதா? அங்கேயும் போர்வெல் மோட்டாரை எரித்துவிட்டு, "சும்மாதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்று சத்தியம் செய்பவர்கள் வருகிறார்களா? இங்கே எல்லாரும் நலம். எனக்கு மட்டும் தொப்பை இன்னும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. இப்போதெல்லாம் தேனியில் என் உரக்கடைக் கல்லாவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைகிறேன்.

நீ பாதியில் விட்டுப்போன அந்த வீடியோ கேம் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம் நாம் ஆடிய விமானச் சண்டையை ஓடைப்பட்டியில் உன் மோட்டார் வைண்டிங் கடைக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துவேன் என்று கிளம்பினாயே. நம் வயதுக்காரர்கள் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தபோது நீ ஜாய்ஸ்டிக் வாங்கினாய். பீரோ செய்து மிஞ்சிய பிளைவுட்டில் ஆள் உயரத்துக்கு அடித்து, பழைய டிவியை உள்ளே ஏற்றி, முகப்பில் பட்டனுக்கு ஓட்டை போட்டதோடு புறப்பட்டுவிட்டாய். அப்படி என்ன அவசரம்?

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அதன்மேல் ஒரு வேட்டியைப் போர்த்தி வைத்தோம். சும்மா இருக்குமா ஊர்? உன் கடையில் ஏடிஎம் வரப்போகிறது என்று முதலில் பேசினார்கள். அப்புறம், அது கேரளாவிலிருந்து வந்த வைத்தியப் பெட்டி, உள்ளே நின்றால் மூட்டுவலி போய்விடும் என்றார்கள். மேலத்தெரு அக்கா ஒருத்தி முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்றே கேட்டுவிட்டாள்.

கடையை இப்போது என் தங்கச்சி செல்விதான் நடத்துகிறாள். உன்னைவிட நன்றாக மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறாளாம். நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. எரிந்த மோட்டார்கள் வாசல்வரை வந்துவிட்டதால் இடம் போதவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, ஆயுத பூசைக்குள்ள இது ஓடுச்சுன்னா நிக்கட்டும். இல்லேன்னா கோழிக்கூடு."

கோபமாகச் சொல்லவில்லை மாப்ள. சொல்லிக்கொண்டே முந்தானையால் பெட்டியைத் துடைத்தாள். அது இடத்தை அடைப்பது அவளுக்குப் பாரமில்லை, பாதியில் நிற்பதுதான் பாரம் என்று எனக்கு அப்போது புரிந்தது. பெட்டிக்குள் கோழி வந்துவிட்டால் அது வேறு பொருள். அப்புறம் அதைப் பார்த்து உன் ஞாபகம் வராது. அதற்காகவாவது ஓட்டிக் காட்ட வேண்டும் என்று, பியூஸ் போடத் தெரியாத நான் மார்தட்டிக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் தேனியிலிருந்து பஸ் ஏறி வந்தேன். போனில் வீடியோ பார்த்து வேலை செய்தேன். அதில் பேசியவன் இந்திக்காரன். அவன் சிரித்த இடத்தில் நானும் சிரித்து, அவன் சேர்த்த வயரை நானும் சேர்த்தேன். ஒருவழியாகப் படம் வந்தது. ஆனால் மேலே தள்ளினால் விமானம் கீழே போனது, இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் ஓடியது. வயரை எல்லாம் பிடுங்கி மறுபடி செருகினேன். அதே கதைதான். ஜாய்ஸ்டிக்கையே தலைகீழாக மாட்டியிருக்கிறேன் என்பது ஆயுத பூசைக்கு முந்தின வாரம்தான் தெரிந்தது. நான் ஸ்கூட்டர் ஓட்டுவதும் இப்படித்தான் என்றாள் உன் பெண்டாட்டி.

பூசையன்று கடையைக் கழுவித் தோரணம் கட்டினோம். வைண்டிங் மெஷின், டிரில்லர், ஸ்பேனர், உன் ஸ்கூட்டர் என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்து வந்த செல்வி, பெட்டிக்கும் வைத்தாள். பெட்டிக்கு என்றால் ஒவ்வொரு பட்டனுக்கும், தாராளமாக, தண்ணியாகக் கரைத்த சந்தனம். தடுக்க வாய் வரவில்லை. சாமி காரியம் ஆயிற்றே.

பொரிகடலை கொடுத்து முடித்ததும் சுவிட்சைப் போட்டேன். முதல் ஆட்டம் நீதான் ஆட வேண்டும் என்று செல்வியை இழுத்து நிறுத்தினேன். மோட்டாருக்குக் காத்திருந்த திராட்சைத் தோட்டக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவள் பட்டனைத் தொடவே இல்லை, விமானம் சுட ஆரம்பித்துவிட்டது. சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, சுடுகிற பட்டன் அமுங்கியது அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டது. கோழிக்கூடு என் கண்ணுக்குள் வந்து கொக்கரித்தது. ஸ்குரூ டிரைவரோடு பாய்ந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இரு அண்ணே. அது பாட்டுக்குச் சுடுது. நான் ஒதுங்குனாப் போதும்ல."

ஒதுங்கினாள் மாப்ள. திருவிழாக் கூட்டத்தில் கூடையோடு நுழைந்து வருகிறவள் மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். உன்னை ஒருநாளும் தாண்டவிடாத அந்த மூன்றாவது பெரிய கப்பல் இருக்கிறதே, அது வெடித்துச் சிதறியது. தோட்டக்காரர்கள் தங்கள் மோட்டாரையே மறந்துபோனார்கள். கடைசியில் விமானம் விழுந்ததும், நீதான் முதலிடம், மூன்று எழுத்தில் பெயரைப் போடு என்று திரை கேட்டது.

நான் கைக்குட்டையைத் தயாராக எடுத்துக்கொண்டேன். "அவன் பேரப் போடும்மா" என்றேன்.

செல்வி திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சுட்டது நானு. அவுக பேரு எதுக்கு?"

எஸ், இ, எல் என்று நிதானமாக எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடித் தன் பெயரைப் போட்டாள். போட்டுவிட்டு, நீ போன நாளிலிருந்து நாங்கள் கேட்காத அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். எடுத்த கைக்குட்டையை வீணாக்கக் கூடாதென்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். உனக்குக் கேட்டதா அந்தச் சிரிப்பு?

பெட்டி நிற்கிறது. கோழிகள் வேப்பமரத்தில்தான் அடைகின்றன. அந்தப் பட்டனைக் கழற்றிச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டால், கையை ஒடித்துவிடுவேன் என்கிறாள்.

ஒரு வாக்குத் தருகிறேன் மாப்ள. ஆடி ஆடிப் பழகி, உன் பெயரை அந்தத் திரையில் ஏற்றுவேன். இரண்டாவது வரியில், அவளுக்கு நேர் கீழே. அதற்கு மேலே ஏற்ற என்னால் முடியாது, முடிந்தாலும் மாட்டேன்.

உனக்குப் பெண் கொடுத்த வீட்டு மூத்தவன்,
உன் மச்சான் பாண்டி