காவலாளி இல்லை, காணிக்காரி

என் அன்பு அண்ணை,

கண்மூடிப் போன இடத்திலாவது தொலைபேசியைக் கீழே வைத்தீர்களா? இங்கே அந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது. நீங்கள் விடாமல் நச்சரித்த அதே எம்.பி. அலுவலகத்துக்கு இப்போது நான் அழைக்கிறேன். "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் தொடங்கியதுமே அங்கிருக்கும் பெண் என்னைக் கண்டுபிடித்துவிடுகிறாள்.

திருகோணமலையில் அக்காவின் வழக்கு இன்னும் முடியவில்லை. இராணுவ முகாமுக்குள் போன நம் காணியின் வாசலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்ததற்கு வழக்கு. இப்போது பிணையை ரத்துச் செய்து உள்ளே போடப் பார்க்கிறார்கள். இந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒருவர் நீதிமன்றத்துக்கு வந்து இருந்தாலே போதும் என்பீர்களே, அதற்குச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் முதலில் அக்காவோடு பேச வேண்டும் என்றார்கள். நானும் அந்த அழைப்பில் இருந்தேன்.

நிலத்துக்காக நிற்கும் அக்காவைப் போன்றவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்; அந்தப் பெயருக்குத்தான் உதவி. மொழிபெயர்த்தவர் அதைத் தமிழாக்கி, "நீங்கள் காணிக் காவலாளியா?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. காவலாளி துவக்கோட வாசல்ல நிக்கிறான். நான் காணிக்காரி."

அந்த 'இல்லை' மட்டும் ஆங்கிலத்துக்குப் போயிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். நான் இடையில் புகுந்து விளக்கினேன். தூதரக அம்மா சிரித்தது கேட்டது. சொந்த வளவைக் கேட்பவருக்கு இன்னொரு பெயர் எதற்கு, அண்ணை?

போன வழக்குத் தவணைக்கு அந்த அம்மா வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். எப்போதும் அக்காவை 'ஏய்' என்று கூப்பிடும் பொலிஸ்காரர் அன்று "அம்மா, இஞ்சால வாங்கோ" என்றாராம். பிணையும் தப்பியது. சும்மா இருந்துவிட்டுப் போகும் ஒருவரால் இது எப்படி நடக்கிறது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்றும் மண்டையைக் குடைகிறது. இங்கே ஆற்றுக்கு அப்பால் தங்கள் நிலத்தைக் கேட்கும் ஆதிக்குடிகள் நீதிமன்றம் போனால், எந்த நாட்டுத் தூதரகம் வந்து பின்னால் இருக்கும்? எம்.பி. அலுவலகப் பெண்ணிடமே கேட்டேன். "நல்ல கேள்வி" என்றாள். அடுத்த அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டாள்.

நேற்றுத் தொலைபேசியில் அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"அவ வந்தது சந்தோசம்தான். ஆனா பின்னேரமே கொழும்புக்குப் போயிட்டா. பேந்து தெரியாத ரெண்டு பேர் வீட்ட வந்தாங்கள். 'உன்ர வெள்ளைக்காரி எங்க?' எண்டு கேட்டாங்கள்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"அவ போனா என்ன, என்ர தங்கச்சி வாறாள் எண்டு சொன்னனான்."

நான் எப்போது அப்படிச் சொன்னேன்? டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் எனக்கு, அந்தப் பக்கம் போகும் ஒன்றில் ஏற இத்தனை வருடமாகத் துணிவு வரவில்லை. உங்களுக்குத் தெரியாததா?

இன்று லீவு கேட்டுவிட்டேன், அண்ணை. அடுத்த தவணைக்கு அக்காவுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்காவைப் பொய்க்காரி ஆக்கமாட்டேன்.

என்றும் உங்கள் கடைக்குட்டித் தங்கச்சி,
வசந்தி