நீ அனுப்பிய ஹெலிகாப்டரும் நான் வாங்கியதும்

அன்பு மகனுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாகவே இருக்கிறோம், நீயும் மருமகளும் பேத்தியும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதற்குப் பிறகு நிறைய இடம் வேண்டும். உன் அக்காவின் மூத்தவள், நம் குருவி, நீளம் தாண்டுவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்திருக்கிறாள், இரண்டாவது வந்த பெண் இவளைவிட ஒரு சாண் உயரம், அப்படியும் இவள்தான் தாண்டினாள். அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, மீதி மூன்று எங்கே போனது என்று உன் அக்கா கேட்கிறாள், நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எனக்குத் தொண்ணூற்றேழைக் கேட்டே தலை சுற்றுகிறது. சின்னவன் வாண்டு முன்பல் இரண்டும் இல்லாமலே மேடையேறிப் பாடி ஒரு டிபன் டப்பா பரிசு வாங்கி வந்தான், அதை யாரையும் தொட விடுவதில்லை. உன் மகள் மிதவையைக் கழற்றிவிட்டுத் தானாக நீந்துகிறாள் என்று மருமகள் சொன்னது இந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது, தண்ணீர் கேன் போட வருகிறவருக்குக் கூடச் சொல்லிவிட்டேன். இப்படிச் சின்னதுகள் எல்லாம் என்னைத் தலைநிமிர்ந்து நடக்க வைக்கிறார்கள், பெரியவர்கள் நீயும் உன் அப்பாவும்தான் என் மானத்தை வாங்குகிறீர்கள்.

இதைப் போனில் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்வார், நான் வாயைத் திறப்பதற்குள் குழம்பு கொதிக்குது போய்ப் பார் என்று என்னை விரட்டிவிடுவார். நீ அப்பாவுக்கு அனுப்பிய ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் கேட்டாய், அவரும் பறக்குது பறக்குது என்று ஒவ்வொரு வாரமும் சொன்னார். அது பறந்தது ஒரே ஒரு நாள், அதுவும் கையால் ஒன்று இரண்டு என்று எண்ணி முடிக்கும் நேரம். அதற்குப் பிறகு பரண்மேல் பெட்டிக்குள் கிடக்கிறது. நடுவில் ஒரு மாதம் வீடியோவில் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாரே, வீட்டுக்குள் எதற்கு அப்பா தொப்பி என்று மருமகள் கூடக் கேட்டாளே, அது குளிருக்கு இல்லை. இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல். இப்போது ஆறிவிட்டது, பயப்படாதே, ஆனால் உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான். சத்தியம் வாங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன் கேள். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சின்னதாக ஒன்று போதும் என்று சொல்லியிருப்பேன். முப்பத்தினாலு வருஷம் கிரேன் ஓட்டியவருக்குச் சின்ன பொம்மை வாங்கிக் கொடுத்தால் கேவலமாக இருக்கும் என்று உன் அக்காவிடம் சொன்னாயாமே. அதனால் வாத்து அளவுக்கு ஒன்றை அனுப்பினாய். கூடவே, முதலில் சும்மா தரையில் வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்று போனில் சொல்லியும் கொடுத்தாய். அன்றைக்குப் பார்த்து மழை, தரை என்றால் அவருக்கு ஹால் தரைதான். நான் சமையலறையில் இருந்தேன், மாவு மில்லே வீட்டுக்குள் வந்துவிட்டது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் அது இடுப்பு உயரத்தில் நின்று ஒரு பக்கமாகச் சாய்கிறது. இவர் இறக்கப் பார்க்கிறார், அது இறங்கவில்லை, இன்னும் சாய்கிறது. உடனே என்ன செய்தார் தெரியுமா, இரண்டு கையையும் கழுத்துப் பட்டையில் தொங்கிய ரிமோட்டிலிருந்து எடுத்துவிட்டு உள்ளங்கை தெரியத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் அந்த இடத்திலேயே புரிந்துகொண்டேன். கிரேனில் எது தப்பாகத் தெரிந்தாலும் முதலில் கையை எடு என்பதுதான் பாடம், கையை எடுத்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும், சுமை தொங்கினபடி தொங்கும். இவர் எத்தனை புது ஆட்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஹெலிகாப்டருக்கு அந்தப் பாடம் தெரியாதே. அது நேராகப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த உங்கள் போட்டோவில் முட்டியது, நீ, மருமகள், கைக்குழந்தையாகப் பேத்தி, மூன்று பேரும் கீழே. கண்ணாடி சிதறியதில் ஒரு சில்லு அவர் புருவத்தில். போட்டோவில் உன் காதிலிருந்து மருமகள் தோள்வரை ஒரே கிழிசல். ரத்தம் வழிய வழிய முதலில் போட்டோவைத்தான் பொறுக்கினார், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தையல் ஒரு வாரத்தில் பிரித்தார்கள். எனக்குக் கவலை அது இல்லை தம்பி. உனக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டையர் ஆவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே உன் அப்பாவைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். கம்பெனி டாக்டர் ஏதோ விளக்கு எரிய எரியப் பொத்தானை அமுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கண் பார்த்துக் கை வேலை செய்ய அரை நொடி தாமதம் ஆகிறது என்று எழுதிவிட்டார். கடைசி இரண்டு மாதம் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதினார். உங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அதிலிருந்து சூடான டம்ளரைத் தூக்கமாட்டார், ஆணி அடிக்கமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தவர், ஊசியை நீட்டினால் குருவியிடம் கொடு என்று தள்ளிவிடுவார். உன் பெட்டி வந்த அன்றைக்குத்தான் ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். அது சுவரில் முட்டியதும் அதுவும் போனது. பெட்டியைக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டு, "டாக்டர் சரியாத்தான் எழுதியிருக்காரு. கை போச்சு," என்றார். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு பறக்குதாப்பா என்று கேட்கக் கேட்க எனக்கு உன்னை நாலு அறை விடலாம் போலிருக்கும்.

எதிரில் இருந்த பழைய அச்சாபீசை இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டுகிறார்களே, அங்கே ஒரு கிரேன் நிற்கிறது. உன் அப்பா ஜன்னலோரம் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார், அந்தக் கிரேன்காரனை வாய்க்குள் திட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். ஒரு நாள் அவர் கையைக் கவனித்தேன். எதிரில் சுமை ஏறும்போதெல்லாம் நாற்காலிக் கைப்பிடியில் இவருடைய வலது கை அசைகிறது, கிரேன் திரும்பினால் இடது கை. அவருக்கே தெரியாமல் நடக்கிறது. கேட்டால் யோசித்துத்தான் சொல்வார், கை யோசிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன், ஆமாம், இந்த வயதில் நானே ஏறினேன், அதற்கும் நீதான் காரணம். பெட்டிக்குள் இருந்த புத்தகம் நாலு பாஷையில் இருக்கிறது, நாலில் ஒன்றும் நம்முடையது இல்லை. ஆனால் படம் படிக்க அஞ்சாம் வகுப்பு போதும். ரிமோட்டில் இரண்டு குச்சி, மேலே ஏறுவதற்கான அம்புக்குறி இடது குச்சியில் போட்டிருக்கிறது. அதைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். "ஏங்க, முப்பத்தினாலு வருஷமா நீங்க தூக்கினது வலது கையில. இதுல தூக்கறது இடது கையில இருக்கு. தப்பு உங்க கையில இல்ல, பெட்டியில," என்றேன். படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, கை நன்றாக இருந்தால் இடதிலும் பழகியிருக்குமே என்று சொல்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்த மனுஷனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்தினேனோ.

சரி, நான் மட்டும் போய் நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கி வருகிறேன், எது அதிகமாகப் பளபளக்கிறதோ அதை வாங்குவேன் என்று செருப்பை மாட்டினேன். பின்னாலேயே வந்துவிட்டார். ஹெலிகாப்டர் விற்கிற கடை ஒரு டயர்க்கடைக்கு மேலே, படியில் பக்கவாட்டில்தான் ஏற முடியும், உள்ளே கூரையெல்லாம் விமானம் தொங்குகிறது, ஈயம் காய்ச்சுகிற வாசனை. கடைக்காரம்மாவுக்கு உன் அக்கா வயது, கண்ணாடி நெற்றிமேல், கையில் ஈயம் பற்றவைக்கிற சூடான கோல். நீ அனுப்பியதைப் பிரித்துக் காட்டினேன். பார்த்த உடனே, முதல்முறை ஓட்டுகிறவருக்கு இதை யார் வாங்கிக் கொடுத்தது என்றாள். என் மகன் என்றேன். "அவருக்கு அப்பா மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டாளே, எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கையின் சாய்வை மாற்றிக்கொள்கிற வகையாம், கைதேர்ந்தவர்களே வருஷக்கணக்கில் பழகி ஓட்டுவதாம். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஆனால் காது அங்கேதான் இருந்தது.

பிறகு அவளே பொறுமையாகச் சொன்னாள், நீயும் தெரிந்துகொள், அடுத்த முறை யாருக்காவது பரிசு அனுப்பித் தலையைக் காயப்படுத்துவதற்கு முன்னால் உதவும். முதன்முதலில் வாங்குகிற ஹெலிகாப்டருக்குத் தலையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விசிறி இருக்கிறதாகப் பார்க்க வேண்டும். அவை எதிரெதிராகச் சுற்றுவதால் அது தானாகவே நிதானமாக நிற்கும், மெதுவாகத்தான் போகும், உள்ளங்கை அளவு, ஹாலுக்குள் ஓட்டலாம். கூடவே மாற்று இறக்கை நாலு ஜோடி, உடையாது என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாதாம். ஹெலிகாப்டரைவிட ரிமோட்டைத்தான் பார்த்து வாங்க வேண்டுமாம், அதை அவள் டிரான்ஸ்மிட்டர் என்கிறாள், எனக்கு ரிமோட்டே போதும். ஹெலிகாப்டர் உடையும் மாறும், ரிமோட் பத்து வருஷம் கூட வரும், நாளைக்குப் பெரியதையும் இதே ரிமோட்டோடு சேர்த்துக்கொள்ளலாம். நான் வலது கை விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி உன் அப்பாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள், என்ன கிரேன், எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்டாள். ஏற்றுவது வலது கையில் வருகிற ரிமோட்டும் இருக்கிறதாம், இங்கே வாங்குகிறவர்கள் குறைவாம். முதுகைத் திருகிக் கழற்றி ஏற்றும் குச்சியை வலதுக்கு மாற்றிக்கொள்கிற வகை இரண்டு எடுத்து வைத்தாள். உன் அப்பா உடனே பொத்தான் அதிகமாக இருந்ததை எடுத்தார், அப்பனும் பிள்ளையும் ஒரே மாதிரி. நான் பிடுங்கி வைத்துவிட்டு, எதில் அவர் கட்டைவிரல் எட்டி இழுக்காமல் குச்சியின் தலையில் உட்கார்ந்ததோ அதை எடுத்துக் கொடுத்தேன். குச்சியை இழுத்தால்தானே ஏற வேண்டும், கிரேனில் அப்படித்தான் என்று அதற்கும் ஒரு வழக்கு வைத்தார். அதை மட்டும் மாற்றித் தரமாட்டேன், வேறு யாராவது வாங்கி ஓட்டினால் விரல் போய்விடும் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அந்த ரிமோட்டையும் உள்ளங்கை அளவு ஹெலிகாப்டர் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் கையை எடுக்கிற பழக்கம் போகவில்லை. கொஞ்சம் சாய்ந்தால் போதும், இரண்டு கையும் மேலே போய்விடும், அது போய் ஜன்னல் திரையில் மாட்டிக்கொள்ளும். நான் பின்னால் நின்று கையை எடுக்காதீங்க கையை எடுக்காதீங்க என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். கடைசியில் என் கொண்டை ரப்பரை எடுத்து அவர் வலது கட்டைவிரலையும் குச்சியையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன். இப்போது பயந்து கையை வெடுக்கென்று பின்னால் இழுத்தால் குச்சியும் கூடவே வருகிறது, வந்தால் விசிறி ஓய்ந்து அது தரைக்கு வந்துவிடுகிறது. கடைக்காரம்மா இதைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தாள், தன் கடையிலும் கொண்டை ரப்பர் வாங்கி வைக்கப் போகிறாளாம்.

முதல் வாரம் ஒரு சாண் ஏற்றி இறக்குவதுதான், அதற்குமேல் நான் விடவில்லை. இரண்டாவது வாரம் ரப்பர் வேண்டாம் என்று அவரே கழற்றினார். போன புதன்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தையல் டப்பாவை இழுத்தார். கீழே ஒன்றும் தொங்காமல் வெறுமனே பறந்தால் காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லையாம், கயிற்றில் சுமை ஆடினால்தான் கண்ணுக்குத் தெரியுமாம். ஊசியை எடுத்தார், நூலை நாக்கில் தொட்டார், ஒரே குத்தில் கோர்த்தார். பழைய சட்டைப் பொத்தான் ஒன்றில் ஓட்டி முடிச்சுப் போட்டு ஹெலிகாப்டருக்குக் கீழே கட்டினார். நான் ஒன்றும் பார்க்காதவள் போல ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். ஹாலின் அந்தக் கோடியில் டம்ளரை வைக்கச் சொன்னார். பொத்தான் ஆடிக்கொண்டே போனது, டம்ளருக்கு மேலே நின்றது, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தார், இறக்கினார். டங் என்று ஒரு சத்தம். அரை நொடி தாமதமோ ஒரு நொடி தாமதமோ அந்த டாக்டருக்குத்தான் வெளிச்சம், பொத்தான் டம்ளருக்குள் கிடந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வை," என்றார். நேற்று என் ஊசி மூன்றையும் கேட்காமலே கோர்த்துத் தலையணையில் குத்தி வைத்திருக்கிறார்.

ஆக, இதெல்லாம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அடுத்த முறை பறக்குதாப்பா என்று கேள், பறக்குது என்பார், அது நிஜம். டாக்டர் எழுதியதை அவராகச் சொன்னால் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள், இடையில் புத்திமதி சொல்லாதே. பெரியதைப் பரணிலிருந்து இறக்கலாமா என்று உன்னிடம் கேட்டால் ஒரு வருஷம் போகட்டும் என்று சொல், என்னைக் கேட்காமல் இன்னொரு பெட்டி அனுப்பினால் தபால்காரர் கையிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். வேலை வேலை என்று சாப்பாட்டு நேரத்தைத் தள்ளாதே. மருமகளை முதுகுவலிக்கு உயரமான நாற்காலியில் உட்காரச் சொல்லு. பேத்தி நீந்தும்போது கரையில் யாராவது ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். மூன்று பேரும் கண்பட்டுப் போகாமல் நூறு வயது நன்றாக வாழ வேண்டும்.

முக்கியமானதை மறந்துவிடாதே. புதுப் போட்டோ ஒன்று அனுப்பு, போனில் இல்லை, தடித்த தாளில் அச்சடித்துத் தபாலில். பேத்தி இப்போது எவ்வளவு உயரம் என்று தெரியும்படி மூன்று பேரும் நின்று எடுங்கள், கறுப்புக் கண்ணாடி வேண்டாம். சுவரில் அந்த ஆணி வெறுமனே நிற்கிறது. உன் அப்பா தினமும் ஹெலிகாப்டரை அந்த ஆணி உயரத்துக்கு ஏற்றி, அதற்கு எதிரே அசையாமல் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் இறக்குகிறார். அங்கே அவர் நிறுத்தும்போது பார்க்க உங்கள் முகம் இருக்கட்டும். கண்ணாடிச் சட்டம் மட்டும் போடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் தொண்டை கட்டிய அம்மா