அத்தையின் சிவப்பு நூல்

அத்தை,

நூல் கடை வரைக்கும் போகிறேன். சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. சாப்பாடு அடுப்பிலேயே இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

பத்து மணிக்கு ஒரு புல்லாங்குழல்காரர் வருவார். என் மேஜைமேல் துணியில் சுற்றியிருப்பது அவருடைய குழல். மூங்கில் நெடுக விரிசல் விட்டிருந்தது. ஐந்து இடத்தில் நூல் சுற்றி இறுக்கியிருக்கிறேன். பிரித்துப் பார்க்காமல் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

எப்படியும் பார்ப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்புப் பட்டுநூல் உங்கள் தையல் பெட்டியில் இருந்ததுதான். என்னிடமிருந்த கறுப்பு நூல் இறுக்க இறுக்க அறுந்துகொண்டே இருந்தது. நேற்று நீங்கள், "நூல்கண்டுக்குக் காலா முளைச்சிருக்கு?" என்று உங்கள் மகளைக் கேட்டபோது, நான் கட்டிலுக்கடியில் புகுந்து தேடினேனே, அது சும்மா. பாவம், அவள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "நான் ஏங்க அதை எடுக்கப் போறேன்?" என்று என்னிடம் வந்து மூக்கை உறிஞ்சினாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்களிடம் எழுதியாவது சொல்ல முடிகிறது. அவளிடம் எழுதிச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

பி.கு: நேற்று கட்டுப் போட்டு முடித்ததும் ஊதிப் பார்த்தேன். "இன்னைக்குத்தான் மாப்பிள்ளை கையில குழல் அழாம பாடுது" என்றீர்கள். அது உங்கள் நூலின் பெருமை.

இன்னொன்று: கடையில் நிறம் காட்டுவதற்காகப் பெட்டியில் மிச்சமிருந்த ஒரு முழத்தையும் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் எடுத்திருக்கிறேன்.